டெட்ராய்ட்டில் என்எஃப்எல் டிராஃப்ட்: மகனோடு போய் வந்தேன்

நாங்கள் இருப்பது நோவையில். டெட்ராய்ட்டுக்குக் காரில் அரை மணி நேரம்தான். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்துச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்ட் 2024இல் நம் ஊருக்கே வருகிறது என்றதும் என் 12 வயது மகன் ஒரு மாதமாக வேறு பேச்சே பேசவில்லை. ஏப்ரல் 25 வியாழக்கிழமை, பள்ளி விட்டதும் அப்படியே கிளம்பிவிட்டோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நுழைவு இலவசம். என்எஃப்எல் ஒன்பாஸ் என்ற செயலியில் பதிவு செய்தால் போதும். உள்ளே பை கொண்டுபோவதாக இருந்தால் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும். நான் கட்டிக்கொண்டுபோன புளிசாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு நடந்தோம். சீக்கிரம் போனது நல்லதாயிற்று. அன்றைக்கு மட்டும் 2,75,000 பேருக்கு மேல் வந்தார்கள். இடம் நிரம்பி, முதல் பெயர் அறிவிக்கும் முன்பே வாசலை மூடிவிட்டார்கள்.

ஹார்ட் பிளாசாவில் பிள்ளைகளுக்கான பகுதி. 40 கஜ ஓட்டம், பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது, கோப்பையோடு படம். வரிசை நீளம்தான், ஆனால் ஆற்றங்காற்றில் நிற்பது கஷ்டமாகத் தெரியவில்லை. மகன் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டே இன்னொரு தடவை ஓடப் போனான். கேம்பஸ் மார்ஷியஸ் பக்கம் மேடை. தூரத்தில் நின்றாலும் பெரிய திரைகளில் நன்றாகத் தெரிந்தது, ஒலியும் தெளிவு. டெட்ராய்ட் ராப் பாடகர் எமினெம் வந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசியது காதில் விழவில்லை.

எட்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. கேலப் வில்லியம்ஸ் சிகாகோவுக்கு, ஜேடன் டேனியல்ஸ் வாஷிங்டனுக்கு, டிரேக் மே நியூ இங்கிலாந்துக்கு. எட்டாவதாக மைக்கேல் பெனிக்ஸின் பெயரை அட்லாண்டா சொன்னபோது எங்களைச் சுற்றி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அணி ஒரு மாதம் முன்புதான் கர்க் கசின்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை, நான்கு ஆண்டுக்கு, 18 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. பெனிக்ஸும் குவார்ட்டர்பேக்தான். மகன் கேட்டான்: “அம்மா, அவருக்கு அங்க போகப் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவார்?”

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் நான்கு முறை காயம்பட்டு உட்கார்ந்தவர் பெனிக்ஸ். 2022இல் தானே யோசித்து, தன்னை முன்பே அறிந்த பயிற்சியாளர் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், அங்கேதான் அவர் ஆட்டம் மலர்ந்தது. கல்லூரிப் பையனாக இருந்தபோது இருந்த அந்த உரிமை, இது தொழிலான அன்றைக்குப் போய்விடுகிறது. எடுத்த அணியோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம்; முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாம் ஆண்டையும் சேர்ப்பதா என்று முடிவு செய்வது அணிதான். 257 பேர் இப்படிப் போகிறார்கள். பெயர் வராமல் போனவருக்கோ எந்த அணி கூப்பிட்டாலும் வரேன், வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங்குக்கு நின்ற நாள் ஞாபகம் வந்தது. திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி அப்பாவும் நானும் போயிருந்தோம். திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, “உனக்கு எது பிடிச்சிருக்கோ அதைச் சொல்லும்மா” என்றார். அங்கே மதிப்பெண் கூடினவருக்கு முதல் விருப்பம். இங்கே தோற்ற அணிக்கு முதல் விருப்பம், நன்றாக ஆடினவருக்கு விருப்பமே இல்லை.

ஆனால் டெட்ராய்ட்டில் நின்றுகொண்டு டிராஃப்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் டெட்ராய்ட் அணியான லயன்ஸ் 2008இல் 16 ஆட்டத்தில் 16ம் தோற்றார்கள். அந்த நிலையில் யார் விரும்பி வந்திருப்பார்கள்? அடுத்த ஆண்டின் முதல் தேர்வு கிடைத்ததால்தான் ஸ்டாஃபர்டு என்ற குவார்ட்டர்பேக் வந்தார். மகன் போட்டிருந்த 97ஆம் எண் சட்டைக்குரிய ஏடன் ஹட்சின்சன் பக்கத்துப் பிளிமத் பையன். 2022இல் சொந்த ஊர் அணியே எடுத்தது. அது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம், எல்லோருக்கும் வாய்க்காது.

மாட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. 1983இல் ஜான் எல்வே பால்டிமோர் வேண்டாம் என்றார். பேஸ்பாலுக்குப் போய்விடுவேன் என்று சொல்ல அவருக்கு யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணி இருந்தது. 2004இல் ஈலை மேனிங் சான் டியேகோ வேண்டாம் என்றார். அவர் அப்பா ஆர்ச்சியும் பெயர்பெற்ற குவார்ட்டர்பேக். ஈலையை டிராஃப்ட் நாளன்றே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அப்படி இன்னொரு விளையாட்டோ பெயர்பெற்ற அப்பாவோ இல்லாத ஐந்தாம் சுற்றுப் பையன் மாட்டேன் என்றால் யார் கேட்பார்கள்? வரிசை இப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரே ஒரு அணியை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விதியிலேயே எழுதிக் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தையும் நான்கிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைக்கலாம்.

லயன்ஸ் தேர்வு வரிசையில் தங்கள் 29ஆம் இடத்திலிருந்து 24க்கு முன்னேறி டெரியன் ஆர்னால்டை எடுத்தபோது மகன் தொண்டை கட்டும்வரை கத்தினான். நானும்தான்.

நிகழ்ச்சிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். டிராஃப்ட் முறைக்கு மூன்றுதான். 2025இல் கிரீன் பேயில் நடந்தது. இனி எந்த ஊரில் நடந்தாலும், போகிறவர்கள் மதியமே போய்விடுங்கள், ஏப்ரல் ராத்திரி குளிருக்குக் கனமான மேல்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.