மல்லியின் வாய்க்குச் சேர்ந்த கடிவாளம்

செவலைக் குதிரை மல்லியை வாங்கும்போதே அவள் வாயோரத்தில் காய்த்துப்போன தழும்பு இருந்தது. முன்பு வைத்திருந்தவர் முள்ளுக் கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அதற்குத் தடை. லகானைத் தொட்டாலே தலையை வானத்துக்குத் தூக்குவாள்.

முதலில் வாங்கியது நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்நாஃபிள், அதாவது இருபுற வளையத்தில் லகானை நேராக மாட்டும் சாதாரணக் கடிவாளம், ஐந்தரை இன்ச். எல்லாக் குதிரைக்கும் சேரும் என்றார் விற்றவர். எங்கே சேர்ந்தது? வாய்க்குள் இப்படியும் அப்படியும் வழுக்கியது. இழுத்தால் மூட்டு மடங்கி மேலண்ணத்தில் முட்டியது. அப்புறம்தான் ஒரு பனை ஈர்க்கை வாயில் குறுக்கே வைத்து, உதட்டோரங்களில் நகத்தால் கிள்ளி அடையாளம் பண்ணி அளந்தேன். நாலே முக்கால். கால் இன்ச் கூட்டி ஐந்தில் வாங்கினேன். இதில் இரண்டு மூட்டு, நடுவே அவரைக்கொட்டை அளவில் ஒரு செப்புத் துண்டு. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் குதிரைக்கு வெறும் ஈறுதான். அந்த இடத்தில் நாக்கின்மேல் வளைந்து படிகிறது. உதட்டோரத்தில் ஒரு சுருக்கம், மிஞ்சினால் இரண்டு விழுகிற அளவுக்கு, கடிவாளத்தைத் தாங்கும் முகவாரை ஏற்றியிருக்கிறேன்.

நாலு நாள் பழைய பயம் போகவில்லை. ஐந்தாம் நாள் காலை அரியமான் கடற்கரையில், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியிலிருந்து ஒரு நாய் பாய்ந்தது. மல்லி விலுக்கென்று ஒதுங்கினாள். லகானைப் பிடித்திருந்த மோதிர விரலை இறுக்கினேன், அவ்வளவுதான், நின்றுவிட்டாள். வாயை மென்றுகொண்டிருந்தாள். உதட்டில் வெள்ளை நுரை, ரத்தம் இல்லை.

ஒரு குறை: செம்பு எஃகை விடச் சீக்கிரம் தேயும். மாதம் ஒருமுறை விரலால் தடவி, விளிம்பு கூராகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூடவே வாங்கிய சேணத்துக்கு இந்தப் பாராட்டு கிடையாது. தோல் நல்ல தோல்தான். பக்கிள்களோ முலாம் பூசிய இரும்பு. மூன்றாம் வாரமே துரு. வயிற்றுவாரில் ஈர மணல் ஒட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால் "பாலிஷ் போடுங்க சார்" என்கிறார். கடலுக்கு எந்தப் பாலிஷ்? இப்போது நூல்கயிற்று வயிற்றுவார், துருப்பிடிக்காத எஃகு வளையம். அலசி உதறினால் மணல் போய்விடுகிறது.

அலசுவதுதான் சிரமம். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு. குடிக்க வாங்கும் குடங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கி, வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன்.

வெயிலில் கிடந்த கடிவாளத்தை அப்படியே மாட்டப்போன என்னை ஒருநாள் சித்தப்பா தடுத்தார். ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டியவர். "மொதல்ல ஒங் கன்னத்துல வச்சுப் பாருடா" என்றார். வைத்தேன், சுரீரென்றது. அன்றிலிருந்து தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

வயிற்றுவார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். ஒன்று காயும்போது போட ஒன்று வேண்டுமே.