பேனா மூடியைத் திறப்பதற்குள்: இரண்டு வருடப் பயிற்சி அனுபவம்

நான் இரண்டு வருடமாகப் போகும் சிந்தனைப் பயிற்சி வகுப்பின் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். "சேரலாமாடா?" என்று கல்லூரித் தோழன் கேட்டான். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

தெளிவாக யோசிக்கப் பழக்கும் குழுப் பயிற்சி. ஞாயிறு காலை, எட்டுப் பேர், இரண்டு மணி நேரம். முதல் வாரமே 2, 4, 6 விளையாட்டு. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை அது. இந்த மூன்று எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 8, 10, 12 என்றேன், சரி. 20, 22, 24, அதுவும் சரி. "இரண்டிரண்டாக ஏறுகிறது!" என்று மார்தட்டினேன். விதி வெறும் ஏறுவரிசை. 1, 2, 3 என்று ஒருதரம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். தோற்கடிக்கும் கேள்வியைக் கேட்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் இன்றும் விடாதது கணிப்பு நோட்டு: ஒரு விஷயம் நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. வானிலைக் கணிப்புகளை அளக்க வானிலை ஆய்வாளர் பிரையர் 1950-இல் தந்த கணக்குதான் அதில்: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, நாம் சொன்னதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 90 சதவீதம் என்று எழுதி அது நடந்தால் 0.01, நடக்காவிட்டால் 0.81. குறைய இருந்தால் நல்லது. தீபாவளிக்குள் வீட்டு டைல்ஸ் வேலை முடியும் என்று 90 போட்டேன். மேஸ்திரி பொங்கல் கழித்து வந்தார். மனைவி 30 சொல்லியிருந்தாள், அவளுக்கு 0.09. எந்த வகுப்புக்கும் போகாதவள்.

எரிச்சல்? பயிற்சியாளர்தான். "தனித்தனியா எழுதுங்க" என்பார். பேனா மூடியைத் திறப்பதற்குள், "எனக்கென்னமோ ஒரு 70 தோணுது" என்பார். எட்டுத் தாளிலும் 65, 70, 75. ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு, சுழல் சக்கரத்தில் 10 விழுந்தவர்கள் 25 என்றும், 65 விழுந்தவர்கள் 45 என்றும் நடு விடையாகச் (மீடியன்) சொன்னார்களே, முதலில் கண்ட எண் நம் கணிப்பை இழுக்கும் என்று காட்டிய அந்த உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கி, கானமனின் சோதனையை (1974) விளக்கியவரும் இவரேதான். அன்றைக்கும் 70 சொன்னார்! இதைக் குறையாகச் சொன்னால், "உங்களுக்கு உறுதிப்படுத்தல் சாய்வு" என்கிறார், அதாவது நான் ஏற்கெனவே நம்பியதற்கு ஒத்ததை மட்டும் தேடுகிறேனாம். சாய்வுகளின் பெயர் தெரிந்தவரிடம் வாதாடுவது மகா கொடுமை.

நியாயமாகச் சொன்னால், தனியாக இருந்திருந்தால் ஒரே மாதத்தில் நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். "போன வாரக் கணக்கு என்னாச்சு?" என்று ஏழு பேர் கேட்பார்களே என்ற வெட்கம்தான் எழுத வைத்தது.

ஆகவே தோழா, சேராதே. பாதி விலைக்கும் வேண்டாம். ஒரு நோட்டும் திட்டுகிற நாலு நண்பர்களும் போதும்.

நான் அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். இந்த ஞாயிறு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவதாக உத்தேசம்.