பாஸ்வேர்டே கேட்காமல் என் மகனின் ரோப்லாக்ஸ் கணக்கைத் திருடினார்கள்

வீட்டில் ரோப்லாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுத் தளத்தில் விளையாடும் பிள்ளை இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஏழாவது படிக்கும் என் மகனின் கணக்கு போன மாதம் பறிபோனது. "பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே" என்று அவனிடம் நூறு முறை சொல்லியிருப்பேன். அவனும் கொடுக்கவில்லை. பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் போட்டு வைத்திருந்தோம். அப்படியும் போனது.

அதில் அவன் விளையாடுவது 'அடாப்ட் மீ'. முட்டை பொரித்துச் செல்லப்பிராணி, அதாவது பெட், வளர்க்கும் விளையாட்டு. இதெல்லாம் ஒரு இழப்பா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பெட்டுக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, தூங்கவைத்து முழு வளர்ச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி முழுதாய் வளர்ந்த ஒரே வகைப் பெட் நான்கைச் சேர்த்தால் ஒளிரும் ஒரு பெட் கிடைக்கும், அதுதான் நியான். நான்கு நியான் சேர்ந்தால் ஒரு மெகா நியான். ஆக ஒரு மெகாவுக்கு 16 பெட் வேண்டும். என் மகனிடம் மூன்று நியான் யூனிகார்ன் இருந்தன. நான்காவது நியானுக்கு இன்னும் ஒரே ஒரு யூனிகார்ன்தான் பாக்கி. ஒன்றரை வருடமாக, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகளோடு சேர்ந்து லீவு நாளெல்லாம் வளர்த்தவை. சில அவள் கொடுத்தவை.

கணக்கைத் திருடிய ஆள் என் மகனுக்கு அறிமுகமானது ஒரு சாட் குழுவில். தமிழில்தான் பேசியிருக்கிறான். இரண்டு வாரம் எதுவுமே கேட்கவில்லை. எந்தப் பெட்டுக்கு எது ஈடு என்று சொல்லிக் கொடுத்தான், ஒரு சின்னப் பெட்டைச் சும்மாவே கொடுத்தான். அப்புறம்தான், "உன் அவதாரை 3டி படமா செஞ்சு தர்றேன் தம்பி" என்று ஆரம்பித்தான். அவதார் என்றால் விளையாட்டில் அவனுடைய உருவம். "பாஸ்வேர்டு எனக்கு வேணாம். அதை யாருக்கும் சொல்லாதே, ஏமாத்திடுவாங்க" என்றும் எழுதியிருந்தான். பிறகு அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் சொன்ன புத்திமதியையே திருப்பிச் சொல்லி என் பிள்ளையை நம்ப வைத்திருக்கிறான்.

லேப்டாப்பில் ரோப்லாக்ஸ் பக்கத்தைத் திறந்து எஃப் 12 பட்டனை அழுத்தச் சொன்னான். குறியும் எழுத்துமாக ஒரு பெட்டி திறந்தது. அதில் ஒரு வரியைக் காப்பி செய்து அனுப்பச் சொன்னான். அவ்வளவுதான், முடிந்தது. அந்த நீள வரிக்குள் இருந்தது குக்கீ. ஒரு தடவை லாகின் செய்துவிட்டால் மறுநாள் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடுகிறதே, அது குக்கீயை வைத்துத்தான். பொருட்காட்சியில் கையில் குத்தும் முத்திரை மாதிரி. முத்திரையைக் காட்டினால் டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதனால்தான் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, போனுக்கு வரும் ரகசிய எண்ணும் தேவைப்படவில்லை. ரோப்லாக்ஸ் குக்கீயின் தொடக்கத்திலேயே, இதைப் பகிர்ந்தால் மற்றவர்கள் உங்கள் கணக்கில் நுழைந்து ரோபக்ஸையும் (ரோப்லாக்ஸில் செலவழிக்கும் பணம்) பொருள்களையும் திருடிவிடுவார்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் கோடு கோடாக, அர்த்தமில்லாத எழுத்துக் குவியலோடு சேர்ந்து கிடக்கிறது. 12 வயதுப் பிள்ளை கண்ணில் அது எங்கே படும்?

கால் மணி நேரத்தில் நியான் மூன்றும் டிரேடில், அதாவது விளையாட்டுக்குள் நடக்கும் பண்டமாற்றில், போய்விட்டன. பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த ரோபக்ஸை வைத்து அந்தத் திருடன் விளையாட்டில் ஒன்றுக்கும் உதவாத ஒரு சட்டையை வாங்கியிருந்தான். அதைவிடக் கொடுமை, என் மகன் பேரிலேயே அவனுடைய நண்பர்களுக்கு அதே '3டி படம்' செய்தியை அனுப்பினான். தங்கை மகள் சந்தேகப்பட்டு, "பெரியம்மா, அவன் ஏன் என்கிட்ட இங்கிலீஷ்ல பேசுறான்?" என்று போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தங்கள் குக்கீ வரியை அனுப்பிவிட்டார்கள்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். பெட்டை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவன் வந்தான். பிள்ளை அழுத அழுகையில் யோசிக்காமல் ஜிபேயில் 1,500 ரூபாய் போட்டேன். உடனே, திரும்பக் கிடைக்கிற டெபாசிட் என்று இன்னும் 3,000 கேட்டான். அப்போதுதான் உறைத்தது. சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். பணம் போனால் முதலில் அந்த எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டும், அதுவும் உடனே. டிரேடில் போனதை மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டு வரும் எவனையும் நம்பாதீர்கள்.

உங்கள் பிள்ளை ஏற்கெனவே இப்படி எதையாவது அனுப்பியிருந்தால் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். செட்டிங்ஸில் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். பழைய குக்கீ செத்துவிடும். எஃப் 12 மட்டுமல்ல, புக்மார்க்கில் ஒன்றை இழுத்துப் போடு, பிரவுசரில் இந்த எக்ஸ்டென்ஷனைப் போடு, இந்த ஃபைலை அனுப்பு என்று சொன்னாலும் அதே திருட்டுதான். இலவச ரோபக்ஸ் தருகிறோம் என்று சொல்லும் தளங்களையும் நம்பாதீர்கள்.

நேற்று என் மகனின் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மறுபடி அதே செய்தி வந்திருக்கிறது. இந்த முறை அனுப்பிய கணக்கு அவனுடைய பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பையனுடையது.