அறுத்த மர இறக்குமதி: டாலர் கணக்கை நம்பி நாடுகளை ஒப்பிடலாமா?

அறுத்த மரம், ப்ளைவுட், வெனீர் (மரத்தடியிலிருந்து உரித்தெடுக்கும் மெல்லிய தகடு) எல்லாம் சேர்த்து எந்த நாடு எத்தனை டாலருக்கு இறக்குமதி செய்கிறது என்று வருட வாரியாக வரைந்தால், அமெரிக்காவின் கோடு உயரத்தில் ஓடும், இந்தியாவுடையது தரையோடு கிடக்கும். அதை வைத்து இந்தியாவில் மரத்தின் தேவையே குறைவு என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. நெல்லாக வாங்குகிறவரையும் அரிசியாக வாங்குகிறவரையும் அரிசிக் கணக்கை மட்டும் பார்த்து ஒப்பிடுவது மாதிரி அது.

இந்தியா மரத்தடிகளாக வாங்கி இங்கே அறுக்கிற நாடு. குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கும் நியூசிலாந்து பைன் தடிகள் பக்கத்திலிருக்கும் காந்திதாம் மில்களில்தான் பலகையாகின்றன. சுங்கக் கணக்கில் தடிகளுக்கான பொருள் எண் 4403, அறுத்த மரத்துக்கு 4407. முதல் எண்ணை விட்டுவிட்டால் இந்தியாவின் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதையொட்டி இந்திய ப்ளைவுட் கம்பெனிகள் சில அங்கேயே போய் வெனீர் உரிக்கும் ஆலைகளைப் போட்டன. அதுவரை தடியாக வந்த அதே குர்ஜன் மரம், ஃபேஸ் வெனீராக, அதாவது ப்ளைவுட்டின் வெளிமுகத்தில் ஒட்டும் தகடாக வந்து, பதப்படுத்திய மரத்தின் கணக்கில் ஏறியது. இதைத் தேவை கூடியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சீனாவிலும் இதே சங்கதி, அளவு மட்டும் பல மடங்கு. 1998 வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள். மறு வருடமே தடிக்கும் அறுத்த மரத்துக்கும் இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்கள். 2008-ல் ரஷ்யா தடி ஏற்றுமதி வரியை 25 சதவீதமாக்கியதும், ரஷ்ய மரம் அறுத்த வடிவில் வருவது கூடியது. இப்படி வருவதில் ஒரு பகுதி நாற்காலியாகவும் கட்டிலாகவும் மாறி மறுபடி வெளிநாடு போய்விடுகிறது. ஆக, சீனாவின் இறக்குமதியை சீனர்களின் பயன்பாடு என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவின் கணக்கைப் புரட்டிப்போடுவது விலை. அங்கே வரும் பலகையில் பெரும்பகுதி கனடாவுடையது. ஆயிரம் போர்டு அடி, அதாவது சுமார் 2.36 கன மீட்டர் பலகையின் விலை, 2020 ஏப்ரலில் முன்பேரச் சந்தையில் 400 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 மே மாதம் 1,600 டாலரைத் தாண்டியது, ஆகஸ்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்தது. எல்லையைத் தாண்டி வந்த மரம் இந்த வேகத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2021-ன் உச்சத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் அந்த வருடம் மரத்தைக் கொட்டிக் குவித்தார்கள் என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

ஜப்பானுக்கு இன்னொரு சிக்கல், நாணயம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 105 யென்னுக்கும் குறைவு, 2022 அக்டோபரில் 150. ஒரே கப்பல் சரக்குக்கு யென்னில் விலை எகிறும், டாலரில் அசையாது. எந்த நாணயத்தில் வரைந்தோம் என்பதைப் பொறுத்து ஒரே வருடம் ஏற்றமாகவும் தெரியும், தேக்கமாகவும் தெரியும்.

போதாததற்கு, அமெரிக்கா வழக்கமாக வெளியிடும் இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேராது. சீனா, ஜப்பான், இந்தியா சேர்த்தே சொல்கின்றன. நியூசிலாந்திலிருந்து குஜராத் வரை கடல் வழியே வரும் மரத்துக்கு அந்தக் கூலி சின்னத் தொகை இல்லை.

சரி, எதை எதோடு வைப்பது? என் தேர்வு கன மீட்டர்தான். தடியையும் பலகையையும் தனித்தனிக் கோடாகப் போட்டு, டாலரை அதற்குக் கீழே துணைப்படமாக வைப்பேன். ஜோடி என்று பார்த்தால் சீனாவும் இந்தியாவும் நன்றாகப் பொருந்தும். இரண்டுமே தடி வாங்கி அறுத்துப் பழகியவை, இரண்டின் இறக்குமதியிலும் ஒரு பகுதியை அடுத்த நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தடியிலிருந்து பதப்படுத்திய மரத்துக்கு மாற்றியிருக்கிறது. வேறுபாடு வரியில் இருக்கிறது. சீனாவில் தடிக்கும் அறுத்த மரத்துக்கும் பொதுவாக இறக்குமதி வரி இல்லை. இந்தியாவிலோ அடிப்படைச் சுங்கவரி தடிக்கு 5 சதவீதம், அறுத்த மரத்துக்கு 10 என்று இருந்துவருகிறது. இந்த இடைவெளி இருக்கும்வரை காந்திதாம் மில்கள் ஓடும், இந்தியாவின் பலகைக் கோடும் கீழேயே இருக்கும்.