தீபாவளி, ஹாலோவீன், குழந்தைகளின் திரை: சிங்கப்பூர் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எந்த வழி?

ஜனவரியில் பொங்கல், அடுத்து சீனப் புத்தாண்டு, பிறகு சீனர்கள் இறந்தோரின் ஆவிகளுக்குப் படைக்கும் பசித்த ஆவிகள் மாதம், அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், அதையொட்டியே தீபாவளி. இவற்றைப் பிள்ளைகளோடு எப்படிக் கடப்பது என்பதில் இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. சிலர் அறவே ஒதுங்குகிறார்கள். சிலர் சபையில் மாற்று நிகழ்ச்சி வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பண்டிகையைக் கூறு கூறாகப் பிரித்து, வழிபாட்டை மட்டும் விடுகிறார்கள். ஒரே வழியை எல்லாப் பண்டிகைக்கும் பிடிப்பதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

தீபாவளிதான் கடினமானது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் நடுவே வருகிறது. அறவே ஒதுங்கும் வழிக்கு நியாயம் உண்டு. அண்மையில் விசுவாசத்துக்கு வந்த குடும்பத்தில் பழைய வழிபாட்டின் நினைவு இன்னும் பசுமையாக இருக்கும். பலவீனமான மனச்சாட்சியைக் குறித்து 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம் சொல்வது இவர்களுக்குத்தான். ஆனால் இரண்டு மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பம் ஒதுங்கினால், பிள்ளை அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது: ‘பாட்டி வீட்டுக்குப் போகக்கூடாது, பாட்டி தப்பானவங்க.’ இந்தச் சேதம் முறுக்கு சாப்பிடுவதால் வரும் சேதத்தைவிடப் பெரியது.

பிரித்துப் பார்க்கும் வழியில் புத்தாடை, விருந்து, உறவினர் வீட்டுக்குப் போவது, தேக்காவின் (லிட்டில் இந்தியா) விளக்கலங்காரம், மத்தாப்பு எல்லாம் ஒரு பக்கம். பூசை, ஆரத்தி, திருநீறு, படைத்த பிரசாதம் மறுபக்கம். நடுவிலும் சில உண்டு. எண்ணெய்க் குளியலை நரகாசுரன் கதையோடு சேர்த்தே பார்க்கும் சபைகள் இருக்கின்றன. சாமி முன் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவித் தரும் சட்டையும் அப்படித்தான். பிள்ளைக்கு வேறு சட்டையை நீங்களே முன்கூட்டி வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இந்த வழி கெடுவது பெரும்பாலும் நேரத்தால். பூசை காலையில் நடக்கும். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் ஆரத்தித் தட்டு பிள்ளை முன் நிற்கும். கூடத்தில் எல்லாரும் பார்க்க, ஆறு வயதுப் பிள்ளை தானே ‘வேண்டாம்’ சொல்லும் நிலைக்கு அதைத் தள்ளக்கூடாது. ஒரு வாரம் முன்பே பெரியவர்தான் தொலைபேசியில் சொல்ல வேண்டும்: “அத்தை, மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுறோம். பூசைக்கு மட்டும் எங்கள எதிர்பார்க்காதீங்க. பிள்ளைக்குத் திருநீறு வேண்டாம், தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க.” வாசலில் நின்று சொன்னால் இதுவே அவமதிப்பாகிவிடும்.

பக்கத்து வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டுக்கு 1 கொரிந்தியர் 10:25-28 போதும். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், வாங்கிச் சாப்பிடலாம். ‘இது சாமிக்குப் படைச்சது’ என்று அவர்களே சொன்னால் மட்டும் விட்டுவிடலாம்.

பொங்கலில் சபைக்குச் சபை நிலைமை மாறும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் பொங்கல் திருப்பலி வழக்கம். அந்த மரபில் வந்தவர்களுக்கு இங்கும் தயக்கம் இராது. சூரியனுக்குப் படைப்பதால் பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பலவும் தவிர்க்கின்றன. புராட்டஸ்டண்டு சபைகளில் காய்கறி, பழங்களைக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை ஏற்கெனவே இருப்பதால், மாற்று தேடி அலைய வேண்டியதில்லை.

சீனப் புத்தாண்டு எளிது. ஆங் பாவ் (சிவப்பு உறையில் தரும் பணம்), இரண்டு மாண்டரின் ஆரஞ்சு, லோ ஹே (எல்லாரும் சேர்ந்து மீன் சாலட்டைக் கிளறி வாழ்த்துவது) எதிலும் வழிபாடு இல்லை. சீன உறவினர் உள்ள குடும்பம் முன்னோர் படத்துக்கு முன் ஊதுபத்தி பிடிப்பதை மட்டும் முடிவுசெய்துகொள்ள வேண்டும். முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங் மிங்கிலும் அப்படியே: கல்லறையைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம், பூ வைக்கலாம், ஊதுபத்தியை மட்டும் விட்டுவிடலாம்.

பசித்த ஆவிகள் மாதமான ஏழாம் மாதத்துக்கு ஒதுங்குவதே சரி, ஆனால் மரியாதையோடு. புளோக்குக்குக் கீழே படைத்திருப்பதை மிதிக்கவோ காலால் தட்டவோ கூடாது, காகிதக் காணிக்கை எரிக்கும் தொட்டியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மாதத்தில் போடும் கெத்தாய் பாட்டு மேடை வெறும் பாட்டுக் கச்சேரி போலத் தெரியும். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுகிறார்கள் என்பதே அது யாருக்காக என்று சொல்லிவிடுகிறது.

ஹாலோவீனுக்குத்தான் மாற்று நிகழ்ச்சி நன்றாக வேலை செய்கிறது. காரணம், இதை விட்டால் மனம் நோகும் பாட்டி தாத்தா யாரும் இல்லை. பிள்ளைக்கு வேண்டியது வேஷமும் மிட்டாயும் கூட்டாளிகளும்தான். கத்தோலிக்கருக்கு மறுநாள், நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. பிள்ளை தன் பெயர்கொண்ட புனிதராக வேஷமிட்டு, அவரைப் பற்றி மூன்று வரி சொல்லலாம். புராட்டஸ்டண்டுகளுக்கு அதே அக்டோபர் 31, 1517-இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் நினைவு நாள். மாற்று தோற்பது, அதே பூசணிக்காய் அலங்காரத்தைச் சபைக் கூடத்தில் தொங்கவிடும்போது. கொண்டோமினியத்தில் மற்ற பிள்ளைகள் வீடு வீடாகப் போகும் அதே மாலையில் நடத்தாமல் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தாலும் தோற்கும். பாலர் பள்ளி வேஷ நாளுக்கு ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். விலங்கு வேஷத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி திரை. ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்ற திரைப்பட வயதுத் தரவரிசையை மட்டும் நம்பும் பெற்றோர் அதிகம். வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியவற்றுக்கு அது உதவும். ஆனால் மந்திரமும் சூனியமும் கதையின் மையமாக இருந்தாலும் பிஜி கிடைத்துவிடலாம். அதை அளக்கும் வேலை பெற்றோருடையது.

யூடியூப் கிட்ஸில் வயதுக்கு ஏற்பக் காட்டும் அமைப்புகளைவிட, பெற்றோர் அனுமதித்ததை மட்டும் காட்டும் அமைப்பு எவ்வளவோ மேல். அதில் பிள்ளையால் தேட முடியாது. ஆனால் சேனலை முழுதாக அனுமதித்தால் பயன் குறையும். தமிழ் மழலைப் பாடல் சேனல்கள் பலவற்றில் ‘நிலா நிலா ஓடி வா’வும் சாமிப் பாட்டும் ஒரே வரிசையில் வரும். காணொளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேர வேலைதான். நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் கணக்கில் வயது வரம்பு வைத்து, பிடிக்காத தலைப்புகளைப் பெயர் சொல்லித் தடுத்து, அடுத்த பாகம் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பெரியவர்களின் கணக்குக்குக் கடவு எண் போட மறந்தால் இத்தனையும் வீண்.

தொடக்கநிலை இரண்டு வரை இந்தப் பட்டியல் முறை போதும். மூன்றாம் வகுப்புக்கு மேல் முழுத் தடை எடுபடாது, பள்ளி இடைவேளையில் கதை முழுவதும் காதுக்கு வந்துவிடும். அப்போது கூட உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் ஒன்று கேளுங்கள்: “இவனுக்கு இந்தச் சக்தி எங்கேர்ந்து வந்துச்சு?” விஞ்ஞானக் கருவியா, சாபமா, ஆவியா என்று எட்டு வயதுப் பிள்ளை சரியாகவே சொல்லும். எதைத் தொடர்ந்து பார்ப்பது, எதை நிறுத்துவது என்பதை அந்தப் பதிலை வைத்துச் சேர்ந்து முடிவுசெய்யலாம்.

நேரத்துக்குச் சுகாதார அமைச்சின் வரம்பே நல்லது: 18 மாதத்துக்குள் திரை வேண்டாம், அதிலிருந்து 6 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கும் குறைவு, 7 முதல் 12 வரை 2 மணி நேரத்துக்கும் குறைவு. பள்ளி முடிந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், இதே அமைப்புகளை அவருடைய கைத்தொலைபேசியிலும் செய்து கொடுத்துவிடுங்கள்.