ரப்பர் வளையமும் டெல்லிப் புழுதியும்: ஒரு 12 போர் துப்பாக்கியுடன் ஆறு ஆண்டுகள்

போன ஞாயிறோடு 6,350 தோட்டாக்கள். 2019 நவம்பரில் தொடங்கி ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறேன்: தேதி, எத்தனை சுட்டேன், எத்தனை முறை சிக்கியது. வானில் எறிந்து குறிபார்த்துச் சுடும் களிமண் தட்டுகளில் எத்தனை உடைந்தது என்று மட்டும் எழுதுவதில்லை. அது என் மானம் சம்பந்தப்பட்டது.

துப்பாக்கி மாமனாருடையது. புதுக்கோட்டைக்காரர், ராணுவத்தில் ஓய்வு பெற்றுவிட்டு டெல்லியிலேயே தங்கிவிட்டார். அவருக்குப் பிறகு முறைப்படி உரிமம் மாறி என்னிடம் வந்தது. 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்), செமி ஆட்டோமேட்டிக், ஒற்றைக் குழல், வால்நட் கட்டை, வெடிவாயுவின் அழுத்தத்தில் இயங்கும் வகை. களிமண் தட்டு சுடுபவர்கள் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கியைத்தான் வைத்திருக்கிறார்கள். துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் சுடுதளத்துக்கு இதை முதல்முறை எடுத்துப் போனபோது, தாத்தாவின் அம்பாசடரை ஓட்டி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். (களிமண் தட்டு என்பது பெயரளவில்தான். அதில் களிமண் கிடையாது; சுண்ணாம்புக்கல் பொடியும் தார் போன்ற பிசினும் சேர்த்து அச்சில் வார்ப்பது.)

இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் என் புலம்பல் புரியும். தோட்டா வெடித்ததும் ஈயக் குண்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் வாயுவில் கொஞ்சம், குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக இறங்குகிறது. கீழே, தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகஸின் குழாயைச் சுற்றி ஒரு பிஸ்டன். வாயு அதைப் பின்னால் தள்ள, அது தோட்டா அறையை மூடி நிற்கும் போல்ட்டைத் தள்ள, காலி உறை வெளியே பறக்கிறது. பின்கட்டைக்குள் இருக்கும் நீண்ட ஸ்பிரிங், போல்ட்டை மறுபடி முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வாயு முன்பக்கமாகக் கசியாமல் தடுப்பது மேகஸின் குழாயின் மேல் உட்காரும் ஒரு ரப்பர் வளையம். வளையல் மாதிரி மெல்லியது. நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த இந்த இரும்பு முழுவதும் அந்த வளையத்தின் தயவில்தான் ஓடுகிறது.

முதல் ஆண்டு தொல்லை இல்லை. இரண்டாம் ஆண்டில், டைரியின்படி 1,400-ஐத் தாண்டியதும், காலி உறை முழுதாக வெளியேறாமல் வாசலிலேயே நட்டுக்குத்தலாக நின்றது. முதலில் ஐம்பதுக்கு ஒன்று, பிறகு பத்துக்கு ஒன்று. தோட்டாவைக் குறை சொன்னேன். அடுத்து, உறையை இழுக்கும் கொக்கியைச் சந்தேகித்துப் பழைய டெல்லியில் உரிமம் பெற்ற ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், முனை மழுங்கிவிட்டது உண்மைதான் என்று சொல்லிப் புதியது போட்டுக் கொடுத்தார். பணம் போனது, சிக்கல் போகவில்லை.

சுடுதளத்தில் என் மகன் வயதுள்ள ஒரு மதுரைத் தம்பி, குர்கானில் வேலை பார்ப்பவர், நான் படும் பாட்டை இரண்டு வாரம் கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

"சார், நீங்கள் போடுவது 24 கிராம் தோட்டாதானே? இந்த 32 கிராமில் இரண்டு சுட்டுப் பாருங்கள்."

கிராம் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளின் எடை. சுட்டேன். இரண்டு உறைகளும் அழகாகப் பறந்தன. 24 கிராமுக்குத் திரும்பினால் மறுபடி நட்டுக்குத்தல்.

"கொக்கியில் கோளாறு என்றால் இதிலும் சிக்கியிருக்கும் சார். வாயு எங்கேயோ கசிகிறது. கனமான தோட்டாவில் வாயு மிச்சம் இருப்பதால் கசிவு தெரியவில்லை."

வீட்டுக்கு வந்து முன்கட்டையைக் கழற்றினேன். வளையம் ஓரிடத்தில் பாளம் பாளமாக வெடித்து, இன்னோரிடத்தில் உப்பிப் போயிருந்தது. வெடித்ததற்குச் சூடு காரணம். உப்பியதற்கு நான் காரணம். பிஸ்டனில் படிந்த கரி சீக்கிரம் கரையட்டும் என்று, பெயின்டில் கலக்கும் தின்னரால் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். கரியைக் கரைக்கிற தின்னர் ரப்பரை விட்டுவைக்குமா?

கையிருப்பில் அசல் வளையம் ஒன்று இருந்தது, மாமனாரின் முன்யோசனை. அது போக, காஷ்மீரி கேட் கார் உதிரிபாகச் சந்தையில் அளவைக் காட்டி நைட்ரைல் ரப்பரில் ஒன்றும் வைட்டானில் மூன்றும் வாங்கினேன். நைட்ரைல் நூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே மெல்ல இறுகத் தொடங்கும். வைட்டான் இருநூறு வரை தாங்கும். என் துப்பாக்கியில் நைட்ரைல் 600 தோட்டாவில் விறைத்துவிட்டது. வைட்டான் 1,500-க்குப் பிறகும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றிவிட்டேன். ஆனால் தின்னரில் இருக்கும் அசிட்டோனுக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். இப்போது முதல் வேலையாக வளையத்தைக் கழற்றித் தனியே வைத்து, துணியால் துடைப்பதோடு சரி.

வளையம் மாறியதும் இரண்டு மாதம் நிம்மதி. அடுத்து வந்தது மே மாதம். டெல்லியில் ஆந்தி என்னும் புழுதிப் புயல் அடிக்கும் நாட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூடிய அலமாரிக்குள் இருக்கும் புடவை மடிப்பில்கூட மண் இருக்கும். நான் எண்ணெய்ப் பிரியன். தலைக்கும் சரி, துப்பாக்கிக்கும் சரி, கொஞ்சம் தாராளமாக வைத்தால்தான் மனம் ஆறும். போல்ட் ஓடும் தடத்திலும் மேகஸின் குழாயின் மேலும் பளபளவென்று பூசி வைத்திருந்தேன். புழுதி அதில் ஒட்டி, வெடிக்கரியும் கலந்து, அம்மியில் அரைத்த துவையல் பதத்துக்கு ஒரு கறுப்பு விழுது ஆகிவிட்டது. ஜனவரிக் குளிரில் அதே விழுது மெழுகு மாதிரி இறுகி, போல்ட் தூங்கி வழிந்துகொண்டு நகர்ந்தது. குறிப்பேட்டில் உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பருவங்களில்தான்.

ஆகவே இப்போது என் வழக்கம் இது. மேகஸின் குழாயின் வெளிப்புறமும் பிஸ்டனும் ஈரமே இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே வைக்கும் எண்ணெய் அடுத்த சுற்றிலேயே எரிந்து கரியாகிறது. போல்ட் தடத்தில் இரண்டு சொட்டு, அதையும் துணியால் துடைத்து எடுத்த பிறகு மிஞ்சுவது போதும். வாயுத் துளைகளை மரக்குச்சியால் குத்திப் பார்க்கிறேன், கம்பியால் அல்ல; துளை பெரிதானால் திரும்பக் கிடைக்காது. குழலுக்குள் வெண்கலப் பிரஷ், பிறகு துணி. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உள்சுவரில் விட்டுப்போகும் படலம்தான் அங்கே அதிகம்.

இதெல்லாம் தொடங்கும் முன் தோட்டா அறையையும் மேகஸினையும் கண்ணால் பார்ப்பேன், விரலை விட்டும் பார்ப்பேன். நேற்றுதான் பார்த்தோமே என்பது கணக்கில் வராது. தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்காது. சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்தால் என் மனைவி என்ன செய்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை, அவள் சொல்வதுதான் சரி: அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது. பால்கனியில் பழைய நாளிதழ் விரித்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.

விசைப் பகுதி, போல்ட், கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் மூன்றிலும் நான் கை வைப்பதில்லை. பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959 ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது. தவிர, என் கை நடுக்கத்தை நான் அறிவேன். நான்காம் ஆண்டில் உஸ்தாத் பின்கட்டையைக் கழற்றியபோது உள்ளிருந்து துருவும் பழைய எண்ணெயும் கலந்த சேறு வழிந்தது. ஸ்பிரிங் புதியதைவிட இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. "எண்ணெய் எப்போதும் கீழே இறங்கும். இத்தனை ஆண்டுகள் துப்பாக்கிக்கு அல்ல, கட்டைக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான். இரும்பைத் தொடும் இடத்தில் வால்நட் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. துடைத்தபின் ஓரிரு நாள் குழல்வாய் கீழே இருக்கும்படி ஒரு துணி மடிப்பின் மேல் நிறுத்தச் சொன்னார். அப்படியே செய்கிறேன்.

இந்த வகையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தோளில் இடி குறைவு, ஐம்பத்தெட்டு வயதுத் தோளுக்கு இது பெரிய விஷயம். ஐம்பது தட்டுக்கு நாற்பது நிமிடத் துடைப்பு, வேறு வழியில்லை. இரட்டைக் குழல்காரர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் என்னும் களிமண் தட்டுப் போட்டியில் சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, மாமனார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மனைவியிடம் கேட்டேன். "முதலில் நீங்கள் போய்ப் பிஸ்டனைத் துடையுங்கள் என்றிருப்பார்" என்றாள்.

ஆறாம் ஆண்டில் இதுவரை சிக்கியது நான்கே முறை. மூன்று, மழையில் உப்பிய பழைய தோட்டாக்களால். நான்காவது என்னால்: பிஸ்டனைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். மீதமுள்ள ஒரு வைட்டான் வளையம் மாமியாரின் குங்குமச் சிமிழில் இருக்கிறது. 7,000 வந்ததும் எடுக்க வேண்டும்.