கிரகட்டோவா: வெர்பேக்கின் அறிக்கையா, லண்டன் அறிக்கையா?

இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலைத் தீவில் 1883 ஆகஸ்டில் நடந்த வெடிப்பைப் பற்றிப் படிக்க விரும்புபவர் முன் இரண்டு பழைய அறிக்கைகள் இருக்கின்றன. டச்சு நிலவியலாளர் வெர்பேக் எழுதியது ஒன்று. லண்டன் ராயல் சொசைட்டி 1888-இல் வெளியிட்டது மற்றொன்று.

வெர்பேக் 1880-லேயே அந்தத் தீவை நேரில் பார்த்தவர். வெடிப்பு நடந்தபோது ஜாவாவின் போய்டன்சோர்கில் (இன்றைய போகோர்) இருந்தார். அக்டோபரில் மீண்டும் தீவுக்குப் போனார். தீவில் மிஞ்சிய ரகட்டா மலை கத்தியால் அறுத்த பலாப்பழம்போல் உள்ளே தெரிய நின்றது. அடுக்கடுக்கான பாறை, அவற்றை ஊடுருவி இறுகிய பாறைக்குழம்புச் சுவர்கள் எல்லாவற்றையும் வரைந்துவைத்தார். கொட்டிக்கிடந்ததில் பெரும்பகுதி புதிய நுரைக்கல், அதாவது பாறைக்குழம்பு நுரைத்து இறுகிய கல். பழைய மலையின் கற்கள் கொஞ்சமே. அப்படியானால் மலை பறந்து போகவில்லை, உள்ளே சரிந்துவிட்டது என்று கணித்தார். அடுத்த முறை நடுக்கடலில் புதிய தீவுகள் எழலாம் என்றும் எழுதினார். 1927-இல் தொடங்கிய சீற்றத்தில் அனாக் கிரகட்டோவா என்ற புதிய தீவு எழுந்தது!

லண்டன் அறிக்கையின் பலம் வேறு. உலகெங்கும் காற்றழுத்தமானிகளில் பதிவான அலை, லண்டனின் செல்சி பகுதியில் வரையப்பட்ட சிவந்த அந்தி வானங்கள், சுமார் 4,800 கி.மீ. தொலைவில் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரொட்ரிகஸ் தீவில் கேட்ட முழக்கம். வானிலை ஆர்வலருக்கு அது விருந்து.

மலையை அறிய வேண்டுமென்றால் என் ஓட்டு வெர்பேக்குக்கே. சாம்பலில் கால் புதைய நடந்தவர் அவர்தானே.